பாலு–சுதா என்ற பெயரில் பாலா–சீதா

வீட்டில் ஒருத்தி கம்ப்யூட்டர் படித்துவிட்டால் போதும், ஃபேன் ஓடவில்லை என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் பெருமை வேறு. அந்தப் பெருமை மாரண்டஹள்ளிக் கல்யாண மண்டபம் ஒன்றில் ஒரேயடியாகக் கப்பலேறியது.

என் கணவர் பாலக்கோட்டில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். எடுத்த வீடியோ எல்லாம் ஒரே சர்வரில் இருக்கும். அதன் சாஃப்ட்வேர் பழசாகிவிட்டது என்று (யாரும் கேட்காமலேயே) புதியதாக மாற்றினேன். அதற்கப்புறம் ஒரு வீடியோவும் திறக்கவில்லை. காரணம், மனிதர் வைத்திருந்த பெயர்கள். "பாலு ♥ சுதா", "பாலா & சீதா ★". ஃபைல் பெயரில் இதயம் எதற்கு என்று கேட்டேன்.

"பாத்தா கல்யாணக் களை இருக்கணுமில்ல" என்றார்.

புது சாஃப்ட்வேருக்கு அந்தக் களை ஆகவில்லை. ஒவ்வொன்றாகத் திருத்த யாருக்குப் பொறுமை? எழுத்தையும் இடைவெளியையும் விட்டுவிட்டு மற்ற குறிகளை எல்லாம் நீக்கும்படி ஒரு சின்ன புரோகிராம் எழுதி ஓட்டினேன். இதயம் போனது, நட்சத்திரம் போனது. கூடவே தமிழின் கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் போய்விட்டன. என் புரோகிராமுக்கு அவையும் வேண்டாத குறிகளாம்! பாலு சுதா 'பல சத' ஆனார்கள். பாலா சீதாவும் 'பல சத'. ஒரே பெயர் இரண்டு முறை வந்ததால் ஒன்றின் வாலில் கம்ப்யூட்டரே '1' என்று ஒட்டிவைத்தது.

அன்று மாலை பாலு–சுதா வரவேற்பு. ஒகேனக்கல்லில் எடுத்த அவர்கள் வீடியோவைப் பெரிய திரையில் போட வேண்டும். மண்டபத்திலிருந்து கணவர் போன் மேல் போன். வாலில்லாத 'பல சத'வை பென்டிரைவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். (திறந்து பார்த்திருக்கலாம். படித்த திமிர்.)

திரையில் தூரத்தில் ஒரு பரிசல் சுற்றியது. முன்வரிசையில் மாப்பிள்ளையின் அத்தை, பாலு இதில் நன்றாக இளைத்திருக்கிறான் என்று மெச்சினார். பரிசல் கிட்டே வந்தது. அதில் இருந்தவர்கள் பாலாவும் சீதாவும். சுதாவின் அப்பா என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, இது எந்த வூட்டுக் கல்யாணமுங்க?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த 'ங்க'வைத் தாங்க முடியவில்லை. என் கணவர் கேமராவை இறக்கிவிட்டு என்னையே பார்த்தார். நான் மண்டபத்துச் சீரியல் விளக்குகளைப் பார்த்தேன். கடைசியில் மணப்பெண்தான் மேடையிலிருந்து சிரித்துக் காப்பாற்றினாள். "அக்கா, அந்தப் பொண்ணு கட்டியிருக்கற புடவை எங்க எடுத்ததுன்னு கேட்டுச் சொல்லுங்க."

சரியான வீடியோவோடு நான் திரும்பி வந்தபோது, பார்க்க மிச்சமிருந்தது பாத்திரம் கழுவியவர்கள்தான். பிறகு அத்தனை வீடியோவையும் ஒவ்வொன்றாகத் திறந்து, முகம் பார்த்து, கையாலேயே பெயர் மாற்றினேன். எந்த மாப்பிள்ளை முகமும் இன்னும் மறக்கவில்லை.

எங்களுக்கு மகள் பிறந்தபோது மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். காலோ கொம்போ சுழியோ புள்ளியோ இல்லாத பெயராக வைக்க வேண்டும், என் கையில் சிக்கினாலும் பிழைத்துக்கொள்ளுமாம். தேடிப் பார்த்தோம், பிடித்தமாக எதுவும் அமையவில்லை. தீபா என்று வைத்தோம்.

இன்றைக்கும் மாமியார் வாசலில் நின்று தெருவே கேட்கக் கூப்பிடுவது, "அடியே தப, சாப்புட வா" என்றுதான்.