சேலைக்கரை போட்ட டயர்

பார்க்க அழகாக இருக்கும் சாமானைக் கண்டால் எனக்கு மூளை நின்றுவிடும். உங்கள் அம்மா என்னைத் தனியாகக் கடைக்கு அனுப்பாததற்கு அதுதான் காரணம். பிள்ளைகளா, இன்றைக்கு முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

சுதந்திரம் கிடைத்துக் கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது. நான் அட்டனில் ஒரு கராஜில் டிரைவர். ரோட்டோரத் தண்ணிக் கானில் விழுந்த பஸ், பள்ளத்தில் சரிந்த லொறி எல்லாவற்றையும் கட்டி இழுக்கிற பெரிய லொறி என் கையில். பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன வண்டி. அதில் ஏறி உட்கார்ந்தால் துரைக்கே நான் துரை என்று நினைப்பு! டயகமவில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா, அதாவது உங்கள் தாத்தா, தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி டிரைவர். "பையன் வண்டி ஓட்டுற லட்சணத்தப் பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவேன்" என்று நிறுத்தி வைத்திருந்தார்.

பின் டயர்கள் மொட்டையாகிவிட்டதால், முதலாளி என்னையே கண்டிக்குப் போய் வாங்கி வரச் சொன்னார். கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று கட்டை கட்டையாகப் பல் வைத்து, பலாப்பழம் மாதிரி இருந்தது. மற்றது சேலைக்கரை போல நேர்நேராகக் கோடு போட்டது.

"தம்பி, சேத்துல இழுக்கிற வண்டிக்குப் பல்லு டயர்தான் சரி. கோட்டு டயர் தார் ரோட்டுக்கு."

"நம்ம கைக்கு எல்லாம் ஒண்ணுதாங்க. அழகா இருக்கறதக் குடுங்க" (வாய்க்கொழுப்பு!).

டயருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கினேன். அந்தக் கையோடு டயகமவிலிருந்து ஆள் வந்தது. கொழுந்து லொறி கானில் இறங்கிவிட்டதாம். மாமனாராகப் போகிறவரின் லொறியேதான்! பவுடர் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

மழை விட்டிருந்த மண் ரோடு. சங்கிலியை மாட்டினேன். தேயிலைக்குள் நின்ற பெண்கள் கூடையோடு வேடிக்கை பார்த்தார்கள். அதில் அவள் எங்கே என்று ஓரக்கண்ணால் தேடிக்கொண்டே மிதித்தேன். டயர் சுற்றியது, வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தேன். கோட்டுக்குள் சேறு அப்பி, என் வண்டி மெதுவாக, வெகு மரியாதையாகப் பின்னால் வழுக்கிப் போய், தாத்தாவின் லொறிக்குப் பக்கத்திலேயே கானில் சாய்ந்துகொண்டது. (அந்த டயர் ஒழுங்காகப் பிடித்தது எலுமிச்சம்பழத்தை மட்டும்தான்.)

"என்னங்க தம்பி, தொணைக்கு வந்தீங்களா?" என்றார் தாத்தா.

"கூடைய எறக்கிட்டுக் கயித்தப் புடிங்க!" என்று கங்காணி கத்தினார். ஆணும் பெண்ணுமாக "ஐலசா" போட்டு இழுத்தார்கள். முதலில் என் வண்டியை! கயிற்றின் முன்னால், சேலையைச் செருகிக்கொண்டு நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இது இழுக்கிற லொறியா, இழுபடுற லொறியா?"

உங்கள் அம்மா என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். எல்லாரும் சிரித்தார்கள்.

சம்பந்தம் கானோடு போச்சு என்று தலைகுனிந்து நின்றேன். தாத்தா குந்தி உட்கார்ந்து, டயர்க் கோட்டில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"என் லொறியில இடிக்காம எறக்கிட்டீங்க. ஓட்டத் தெரியுது. சாமான் வாங்கத்தான் தெரியல. அத எம் பொண்ணு பாத்துக்குவா."

தாத்தா இப்போது இல்லை. ஈரக் கொழுந்து வாசம் வரும்போதெல்லாம் அவர் கானோரம் குந்தியிருப்பது போலவே இருக்கிறது. அவர் சொன்னபடி அம்மாவும் பார்த்துக்கொள்கிறாள். செருப்பு, சப்பாத்துக் கடையில் நான் பளபளப்பைக் கண்டு "இது நல்லாருக்கே" என்றதும், அவள் அதைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பாள். அப்புறம் என்னைப் பார்ப்பாள்.

ஏன் என்று கேட்டீர்களே, இதுதான்.