லவீனாவின் போர்வைக்கு யாகப்பு மாஸ்ரர் வைத்த பெயர்

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் உண்டு. வேலை செய்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களும் உண்டு. இந்த இரண்டிலும் சேராமல், வேலை முடிகிற அன்றைக்குப் பார்த்து வந்து இருக்கக் கதிரை கேட்கிற மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அதுதான் பெயர் வைக்கிறவர்.

நீங்கள் வீடு கட்டும்போது அவரைக் காணமாட்டீர்கள். கல் அரியும்போது காணமாட்டீர்கள், சீமெந்து விலை ஏறி நீங்கள் தலையில் கை வைத்துக்கொண்டு இருக்கும்போதும் காணமாட்டீர்கள், மேசன் மூன்று நாள் வராமல் நின்றபோது அவர் அந்த ஒழுங்கையாலேயே போகமாட்டார். கேற்றில் வீட்டுப் பெயரை எழுதப் போகிற நேரம் பார்த்துச் சைக்கிளை உங்கள் மதிலில் சாத்திவிட்டு உள்ளே வருவார். இரண்டடி பின்னுக்குப் போவார். தலையை ஒரு பக்கம் சரிப்பார். “நல்லாத்தான் இருக்கு, ஆனால் பெயர்…” என்பார். அதோடு உங்களுக்குக் கஷ்டகாலம் தொடங்கிவிடும்.

கொழும்புத்துறையில் இந்த இனத்துக்கு ஒருவரைக் காட்டச் சொன்னால் யாகப்பு மாஸ்ரரைக் காட்டலாம். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வெடுத்தவர். விளையாட்டுக் கழகத்துக்கு அவர்தான் பெயர் வைத்தார், முன்பள்ளிக்கும் அவர்தான், பக்கத்து வீட்டு நாய்க்கும் அவர்தான். ஜெறோமின் புதுப் படகுக்கு அவர் வைத்த பெயர், எழுதுகிறவன் இடப்பக்கத்தில் தொடங்கி முன் அணியத்தைச் சுற்றி வலப்பக்கத்தில் முடிக்கவேண்டிய நீளம். கரையில் நிற்கிறவர்கள் பாதியைப் படகு போகும்போது வாசிப்பார்கள், மீதியை வரும்போது வாசிப்பார்கள். ஆரும் மறுத்ததில்லை. எங்கடை ஆட்கள் மூத்தவர் ஒருவரின் முகத்துக்கு நேரே மாட்டன் என்று சொல்லிப் பழகவில்லை. “ஓம் மாஸ்ரர்” என்றுதான் பழகியிருக்கிறார்கள்.

லவீனாவும் அப்படித்தான் பழகியிருந்தாள்.

கோயிலுக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில் மாதர் சங்கத்துப் பெண்கள் தையல்கடை வெட்டுத்துணிகளைப் பொறுக்கிச் சேர்த்து ஒட்டுப்போர்வை தைக்கிறார்கள். யாழ்ப்பாணத்து வெயிலுக்குப் போர்வை எதுக்கு என்று கேளாதையுங்கோ. போர்வை கனடாவுக்கு, வியர்வைதான் எங்களுக்கு. இதுவரை அவர்கள் தைத்ததெல்லாம் வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றில் இருந்த கோலங்கள். அதில் உள்ள பூவை இந்தப் பக்கத்தில் ஒருவரும் கண்டதில்லை, இருந்தாலும் இதழ் பிசகாமல் தைத்தார்கள்.

அவர்களில் லவீனாதான் முதன்முதலில் புத்தகத்தை மூடிவைத்தாள். அவளுடைய புருஷன் ஜெரிசன் ஆழமில்லாத பரவைக்கடலில் களங்கண்டி போடுகிறவன். தடிகளை வரிசையாக நட்டு, அதில் வலையை வேலிபோலக் கட்டி, மீனுக்கு வழிகாட்டிக் கூட்டிக்கொண்டுபோய் ஓர் அறைக்குள் விடுகிற பொறி அது. உள்ளே போன மீனுக்குத் திரும்பி வரத் தெரியாது. கடல் வத்துகிற நேரத்தில் கரையில் நின்று அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அந்தக் கோலம் மனதில் விழுந்துவிட்டது. கீழே மணல் நிறத்தில் கரை, மேலே நீலத்தில் கடல், இரண்டு பக்கத்திலிருந்தும் சரிந்து ஏறுகிற கபில நிற வேலிகள், அவை கூடுகிற உச்சியில் வட்டமாக ஓர் அறை. வெட்டினாள், பிரித்தாள், திரும்பவும் வெட்டினாள், சோறு அடிப்பிடிக்க விட்டாள். முடிந்தபோது தானே பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றாள். அவள் தன்ரை தலைக்குள்ளிருந்து எடுத்துச் செய்த முதல் சாமான் அதுதான். பெயரும் கூடவே வந்திருந்தது: களங்கண்டி.

சனிக்கிழமை பட்டணத்தில் பெண்களின் கைவேலைக் கண்காட்சி. அங்கே அட்டையில் எந்தப் பெயர் எழுதப்படுகிறதோ, அந்தப் பெயரைச் சொல்லித்தான் இனி எல்லாரும் அந்தக் கோலத்தைக் கேட்பார்கள். அது களங்கண்டியாகத்தான் இருக்கவேணும் என்பது அவளுடைய ஒரே ஆசை.

வியாழக்கிழமை பின்னேரம், கடைசி நூல் வெட்டுகிற நேரத்தில், மண்டபத்து மதிலில் சைக்கிள் சாத்துகிற சத்தம் கேட்டது.

மாஸ்ரர் இரண்டடி பின்னுக்குப் போனார். “நல்லாத்தான் இருக்கு. நடுவிலை உதென்ன பிள்ளை?”

“களங்கண்டி, மாஸ்ரர். பெயரும் அதுதான்.”

“அது தொழில். நான் கேட்டது பெயர்.”

சங்கத் தலைவி செபஸ்தியம்மா சண்டை வராமல் ஒரு வழி கண்டுபிடித்தார். “எங்கடை வள்ளங்களுக்கு வைக்கிறமாதிரி அந்தோனியாரின்ரை பெயரை வைச்சுவிட்டால் என்ன?”

“வள்ளத்துக்குச் சரி அன்ரி,” என்றாள் றஜனி, ஊசியில் நூல் கோத்தபடி. “போர்வையெண்டால் படுக்கிறவை காலுக்குள்ளையும் போடுவினம். அந்தோனியாரைக் காலுக்குள்ளை போட்டுக்கொண்டு படுக்கிறதோ?”

செபஸ்தியம்மா சிலுவை போட்டுக்கொண்டார். அந்தோனியாரோடு சூசையப்பரும் மற்ற அர்ச்சிஷ்டவர்களும் பெயர்ப் போட்டியிலிருந்து மொத்தமாக விலகிக்கொண்டார்கள்.

“அப்ப சம்மனசு,” என்று தேவதூதரிடம் போனார் மாஸ்ரர். “காவல் சம்மனசு கட்டிலடியிலை நிக்கிறவர். கால் பட்டாலும் கோபிக்கமாட்டார்.” போர்வையைத் தலைகீழாகத் திருப்பிப் பிடிக்கச் சொன்னார். வேலிகள் இரண்டும் சிறகுபோல மேல்நோக்கி விரிந்தன. “இப்ப பாருங்கோ. செட்டை.”

“தலையைக் காணேல்லை மாஸ்ரர்,” என்றாள் லவீனா.

“தலை வெளிச்சத்துக்குள்ளை மறைஞ்சு கிடக்கு. ‘விண்ணகத்துச் சம்மனசின் விரிந்த செட்டை’. எழுதுங்கோ.”

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? வீட்டில் இருந்துகொண்டு யோசித்தால் எல்லாருக்கும் நல்ல பதில் வரும். லவீனா, “ஓம் மாஸ்ரர்,” என்றாள். மண்டபம் முழுவதும் “ஓம் மாஸ்ரர்” என்றது.

வீட்டுக்கு வந்து ஜெரிசனிடம் வெடித்தாள். “பெயரிலை என்னப்பா கிடக்கு? போர்வை போர்வைதானே,” என்றான் அவன்.

“உங்கடை களங்கண்டியை ஆராவது நண்டுக்கூடு எண்டு சொன்னால் பேசாமல் இருப்பியளோ?”

அவன் சாப்பாடு என்ன என்று கேட்டான்.

சனிக்கிழமை போர்வை தலைகீழாகத் தொங்கியது. பக்கத்தில் வெள்ளைச் சேட்டு, சட்டைப்பையில் பேனையோடு மாஸ்ரர். வருகிற ஒவ்வொருவருக்கும் இல்லாத தலையை விளங்கப்படுத்தினார். நடுவராக வந்த கனகாம்பிகை, வல்வெட்டித்துறைக்காரி, அட்டையை வாசித்தார். பெயர் நீளமாக இருந்தபடியால் மூச்சு எடுத்து வாசித்தார். “செட்டை விளங்குது. மணல் ஏன் மேலை கிடக்கு?” என்றார். மாஸ்ரர் விண்ணகத்தில் மணல் இருப்பதற்கான காரணத்தைத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து லவீனாவின் மாமனார் கிறகோரி பஸ்ஸால் இறங்கி வந்துசேர்ந்தார். மருமகளின் போர்வையைப் பார்க்க வந்தவர் அட்டையைப் பார்க்கவில்லை. “ஆர் பிள்ளை களங்கண்டியைத் தலைகீழாத் தூக்கினது? கரை மேலை போயிட்டுது,” என்றார்.

ஆரும் சொல்லிக்கொடுக்காமலே ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். மாமாவை அந்த இடத்திலேயே கட்டிப்பிடித்து அழலாம் போல லவீனாவுக்குச் சந்தோசமாக இருந்தது.

“களங்கண்டியோ?” என்றார் கனகாம்பிகை. போர்வையைத் திருப்பித் தொங்கவிடச் சொன்னார், தள்ளி நின்று பார்த்தார், வடிவு என்றார். “பிறகேன் சம்மனசு எண்டு எழுதிக் கிடக்கு? அட்டையை மாத்துங்கோ.”

வேறு ஆளாக இருந்தால் கூட்டத்தோடு கூட்டமாக நழுவியிருப்பார். ஆனால் நாங்கள் கதைப்பது ஒரு பெயர் வைக்கிறவரைப் பற்றியல்லவோ? மாஸ்ரர் இரண்டடி பின்னுக்குப் போனார். தலையைச் சரித்தார். “களங்கண்டி,” என்று சொல்லிப்பார்த்தார். “ஒரே சொல். எவ்வளவு அடக்கம். நானும் முதல்லையிருந்து இதைத்தான் யோசிச்சுக்கொண்டு நிண்டனான்.” பேனையை எடுத்துப் புது அட்டையில் தானே எழுதினார்: களங்கண்டி. பெயரிட்டவர்: யாகப்பு மாஸ்ரர். இடம் மிஞ்சியிருந்தபடியால் கீழே சின்ன எழுத்தில்: தையல், லவீனா.

ஆசைப்பட்ட பெயர் கிடைத்துவிட்டது. அதனால் கோபிக்கவும் வழியில்லை, அதுதான் அவளுக்குப் பெரிய கோபம். வாழ்க்கையில் முதல்தடவையாக “ஓம்” போடாமல் ஒரு வசனம் சொன்னாள்.

“மாஸ்ரர், அந்தப் பெயரை நானெல்லோ சொன்னனான்.”

மாஸ்ரர் அவளை அன்பாகத்தான் பார்த்தார். “ஓம் பிள்ளை, நீர் சொன்னனீர். வைச்சது நான்தானே.”

இப்போது லவீனா மண்டபத்துக்குப் போவதில்லை. வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டாவது போர்வை தைக்கிறாள். மாஸ்ரர் வேலிக்கு மேலால், “முடிஞ்சுதோ பிள்ளை?” என்று கேட்கும்போதெல்லாம், “இன்னும் இல்லை மாஸ்ரர்,” என்கிறாள். கறுப்புத் துண்டுகள் வரிசை வரிசையாக, நடுவில் ஒரேயொரு மஞ்சள் துண்டு, கீழே நீலம் உடைந்து உடைந்து போகிறது. அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாள். ஜெரிசனுக்குக்கூடச் சொல்லவில்லை.

அவள் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை, கவனியுங்கோ. நானும் கேட்கவில்லை. நிறங்களை மட்டும்தான் சொன்னேன். அதற்குள் உங்களுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது, இல்லையோ?