சக்கரம் வைத்த கடையும் சமமாகிப்போன வரியும்

அன்புள்ள மாப்பிள்ளை தார்மோவுக்கு, எல்லையிலிருந்து ஹெய்னோ எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி ஸ்கைத்ரிதேயும் சுகம். அங்கே தங்கை லைனேயும் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். என் பீர்க்கடைக்குத்தான் சுகமில்லை. காரணம், தலைநகர் தாலினில் வரி இலாகாவில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்.

எஸ்தோனியாவில் பீருக்கு வரி ஏறியபோது லாத்வியா பக்கம் கடை போட்டேன், நம் ஜனம் வண்டி வண்டியாக வந்து அள்ளிக்கொண்டு போனது. அதைப் பார்த்து வயிறெரிந்து நீங்கள் வரியைக் குறைத்தீர்கள், நானும் கடைக்குச் சக்கரம் மாட்டி, பக்கத்துப் பண்ணை அர்விட்ஸின் டிராக்டரில் கட்டி எஸ்தோனியா பக்கம் இழுத்து வந்தேன், "என்னப்பா ஹெய்னோ, கடை புகுந்த வீட்டுக்குப் போகுதா?" என்று அவன் சிரித்தான், மூச்சு விடுவதற்குள் லாத்வியாக்காரர்களும் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக் குறைத்துவிட்டார்கள், மறுபடி இழு அந்தப் பக்கம்! ஏன் மாப்பிள்ளை, பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதின புத்தி இன்னுமா போகல? இப்போது போன திங்கட்கிழமையிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே வரி, ஒரே விலை. "எல்லாம் ஒரே விலைன்னா இங்க எவன் வருவான்? உன் மூஞ்சியப் பாக்கவா?" என்கிறாள் ஸ்கைத்ரிதே.

ஆனால் ஒன்று, கடையை மூட மாட்டேன். எல்லைக் கல்லின் மேலேயே நிறுத்திவிட்டேன், பாதி அங்கே, பாதி இங்கே. எவர் முதலில் குறைத்தாலும் கல்லாவை நகர்த்தினால் போதும். நீங்கள் உடனே அமைச்சரிடம் போய் வரியைப் பழையபடி ஏற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் கோடைத் திருநாள் நெருப்பின் முன்னால் உங்களுக்குப் பீர் கிடையாது, வெறும் புகை போட்ட மீன்தான்.

தங்கைக்கு என் ஆசிகள். வரி ஏறினால் உங்களுக்கும்.

இப்படிக்கு,
நகரவே நகராத ஹெய்னோ

பின்குறிப்பு: தபாலில் போடக் கிளம்புவதற்குள் சனிக்கிழமைக் கூட்டம் வந்துவிட்டது, வழக்கத்தைவிட அதிகம்! உங்கள் ஊரிலும் இதே விலைதானே என்று ஓர் அம்மாளிடம் கேட்டேன். "ஐயோ, மெதுவாப் பேசுங்க! பக்கத்துக் கடைன்னா அஞ்சு நிமிஷத்துல திரும்பிப் போய்ச் சமைக்கணும். எல்லைக்குப் போறேன்னா சாயங்காலம் வரைக்கும் என்னை யாரும் தேட மாட்டாங்க" என்றார். ஆகவே அமைச்சரிடம் எதுவும் பேச வேண்டாம். வரி சமமான சங்கதி வெளியே பரவாமல் பார்த்துக்கொண்டால் போதும். லைனே போன் செய்தாள். "அங்க வரி கம்மின்னு அவரு மூணு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வர்றாரு, பாவம்" என்று உருகினாள். அடுத்த சனிக்கிழமை வருகிறீர்களாமே? அந்த வரியைச் சமமாக்கினதே நீங்கள்தானே, மாப்பிள்ளை! அந்தச் சங்கதியை அவளிடம் நான் சொல்லவில்லை. வாருங்கள்.