ஆர்லோவின் புகைக்குழாய்க்குத் துருச் சான்றிதழ்

கனடா எல்லையை ஒட்டிய எங்கள் மலையூரில் குளிர்காலம் வந்தால் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். உப்பு பனியைக் கரைக்கும். மிச்ச நேரத்தில் வண்டிகளின் அடிவயிற்றைத் தின்னும். அப்படித்தான் ஆர்லோ டேகட்டின் முப்பத்தெட்டு வயதுப் பிக்கப் வண்டி தன் புகைக்குழாயைப் பறிகொடுத்தது.

அந்த வண்டியின் முகப்பில் இரும்புப் பலகையைக் கட்டித்தான் எங்கள் மேட்டுத் தெருவின் பனியை ஆர்லோ ஒதுக்குவார். அவருக்கு அது பிழைப்பு. எங்கள் நாற்பது வீட்டுக்கு அதுதான் வெளியுலகம். ஆண்டுச் சோதனையில் தேறி, கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டினால்தான் வண்டி சாலையில் ஏறலாம். ஓட்டைக் குழாய்க்கு ஸ்டிக்கர் கிடையாது.

ஆர்லோ வண்டிக்கடியில் படுத்தார். பழைய குழாயைப் பிடித்திருந்த துருவேறிய கிளாம்ப் அசைந்து கொடுக்கவில்லை. ரம்பத்தால் அறுத்தெறிந்துவிட்டுப் புதுக் குழாயை மாட்டினார். பின்னால் நாலு விரற்கடை பளபளவென்று நீட்டிக்கொண்டிருந்தது. அதுதான் வினையாயிற்று.

இலை பழுக்கும் காலத்தில் படமெடுக்க வரும் நகரத்துக்காரர்களுக்கு இப்போது துருதான் நாகரிகம். ஆகவே இருபத்தைந்து வயது கடந்த வாகனம் யாவும் ‘ஊரின் பாரம்பரியக் காட்சி’, அதன் தோற்றத்தை மாற்றலாகாது என்று மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் தீர்மானம். போட்டது வேறு யாருமல்ல, நாங்களேதான். பக்கத்து அறையில் மதியச் சாப்பாட்டுக்கு மேப்பிள் பாகில் வெந்த பீன்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. சட்டென்று கை தூக்கிவிட்டோம்.

அந்தத் தீர்மானத்தைக் காக்க அமைத்த பாரம்பரியக் குழுவின் தலைவி தெல்மா ப்ரூயிட் வந்து குனிந்து பார்த்தார்.

“என்ன ஆர்லோ, இப்படி மின்னுது?”

“புதுசும்மா. பழசுல ஓட்டை.”

“மாத்தாதேன்னு நான் சொல்லலையே. மாத்துனது தெரியக்கூடாது, அவ்ளோதான்.”

ஆர்லோ அந்த நல்ல குழாயைக் கழற்றி வினிகரிலும் உப்புநீரிலும் மூன்று நாள் ஊறப்போட்டு மாட்டினார். துருவேறி, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. தெல்மா மனம் நெகிழ்ந்து அனுமதி அளித்தார்.

அடுத்து, ஸ்டிக்கர் ஒட்டும் வாகன ஆய்வாளர் க்ரோவர் டட்டில். என் பக்கத்து வீட்டுக்காரர்; ஆர்லோவோடு ஒரே வகுப்பில் படித்தவர். குழாயைச் சுத்தியலால் தட்டினார். கிண்ணென்றது.

“கல்லு மாதிரி இருக்குடா. ஆனா துரு இருக்கே.”

“அது பொய்த் துருடா. நானே ஏத்துனது.”

“படிவத்துல ‘துரு உண்டா, இல்லையா’ன்னுதான் கட்டம் போட்டிருக்கான். பொய்த் துருவுக்குக் கட்டம் இல்ல. பொய்தான்னு குழுகிட்ட ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வா.”

“பொய்னு நாங்களே எழுதிக் குடுத்தா அப்புறம் அது எப்படிப்பா பாரம்பரியம்?” என்றார் தெல்மா, ஆர்லோ போய்க் கேட்டபோது.

குழு ஐந்து முறை கூடியது. முடிவில், ‘மேற்படி துரு உண்மையாகவே பொய்யானது’ என்று ஏகமனதாகச் சான்றளித்தது. செவ்வாய்க்கிழமை க்ரோவர் நேரில் சென்று, விதிப்படி தம் திருக்கரத்தாலேயே ஸ்டிக்கரை ஒட்டுவதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை பனி கொட்டியது. இடுப்பளவு.

செவ்வாய் காலை க்ரோவர் ஆர்லோவுக்குப் போன் போட்டார். “வண்டிய எடுத்துட்டு வந்து என் வாசலை ஒதுக்குடா. உடனே ஒட்டிடறேன்.”

“ஸ்டிக்கர் இல்லாம ரோட்டுல ஏத்துனா என்ன பண்ணுவ?”

க்ரோவர் யோசித்தார். “கேஸ் எழுதுவேன். கடமைன்னு ஒண்ணு இருக்குல்ல.”

“அப்ப நீ வா.”

“வழி இல்லையேடா.”

ஜன்னல் வழியாக க்ரோவர் இதை என்னிடம் ஒப்பித்தார். அதற்குள் தெல்மா வீடு வீடாகப் போன் செய்துவிட்டார். சட்டம் மீறாமல் ஸ்டிக்கர் போய்ச் சேர ஒரே வழிதான் இருக்கிறதாம்.

நாற்பது வீட்டாரும் மண்வாரியோடு இறங்கினோம். தெருவின் இந்தக் கோடியில் க்ரோவர், அந்தக் கோடியில் ஆர்லோ. நடுவே இரண்டு மைல். சாயங்காலம்வரை வாரினோம். க்ரோவர் எங்கள் பின்னாலேயே நடந்து வந்தார். கையில் அரசாங்க ஸ்டிக்கர் இருந்தபடியால் அவர் மண்வாரி பிடிக்கவில்லை.

ஸ்டிக்கர் முறைப்படி ஒட்டப்பட்டது. தெல்மா படமெடுத்துக்கொண்டார். ஆர்லோ இரும்புப் பலகையைக் கீழே இறக்கி, வண்டியைச் சட்டபூர்வமாகத் தெருவில் ஏற்றினார். ஒதுக்குவதற்கு ஒரு பிடிப் பனி இல்லை. கொப்புளம் கண்ட கைகளோடு நாங்கள் ஓரமாக ஒதுங்கி நின்று, வண்டிக்கு வழிவிட்டுக் கைதட்டினோம்.