தேரைக்குப் பல் இல்லை

தவளைகளுக்கு ஓட்டுரிமை இருந்திருந்தால், கள்ளக்குறிச்சித் தொகுதியில் தவக்களை அமோகமாக ஜெயித்திருப்பார். அவர் பிடித்துக் கொடுத்த தவளைகளைத்தான் நாங்கள் அறுத்தோம். அப்படியும் அவருக்கே ஓட்டு விழுந்திருக்கும். நமக்கு அது புதிதல்ல.

நான் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்தேன். தவளை அறுப்பது பாடத்தில் இருந்த காலம். கச்சிராயபாளையத்து வாய்க்கால்களில் தவளை பிடித்து எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுவருவதால் அவருக்குத் தவக்களை என்று பெயர். தினக்கூலி. அட்டெண்டர் வேலை நிரந்தரமாகும் என்று பல வருடங்களாகக் காத்திருந்தார். அதற்கு நான் நாலு வரி நல்லதாக எழுதிக் கொடுத்தால் போதும்.

ஈரச் சாக்கில் நாற்பது தவளைகளோடு டவுன் பஸ்ஸில் வருவார். ஒருமுறை கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டாராம்.

"இன்னாத்துக்குங்க? என் மடியிலதான குந்திகினு வருதுங்க. கைக்கொழந்தைக்கு டிக்கெட் போடுவீங்களா?"

"உள்ள கத்திக்கினு கெடக்குதேய்யா."

"எறங்கற எடம் வந்துச்சான்னு கேக்குதுங்க."

வழுவழுப்பான ஈரத்தோல் என்றால் தவளை, சொரசொரப்பான உலர்ந்த தோல் என்றால் தேரை. மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இதுதான். தவக்களைக்கு இது பிடிக்காது. "சொக்காயப் பாத்து ஆளச் சொல்ற மாதிரி இருக்குது சார்" என்பார். அவர் கணக்கில் மூன்றே இனம்: தாவுவது, தத்துவது, சுவரில் ஏறுவது. அதிலும் சந்தேகம் வந்தால் அதன் வாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டுவிடுவார்.

"தேரைக்குப் பல்லே கெடையாதுங்க. தவளைக்கு மேல்தாடைல அரம் மாதிரி இருக்கும்."

அந்த விரலோடு அவர் கேன்டீனில் இட்லி சாப்பிடும்போது பக்கத்து நாற்காலிகள் காலியாகவே இருக்கும்.

ஒரு செய்முறைத் தேர்வு. வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். மாணவர்கள் அடையாளம் சொல்வதற்காக மேசைமேல் ஒரு சாடி வைத்திருந்தேன். கரியாலூர்ப் பக்கம் தவக்களை பிடித்து வந்தது, உடம்பெல்லாம் சொரசொரப்பு. விடையாகத் 'தேரை' என்று எழுதியிருந்தேன். தண்ணீர் வாளியோடு வந்த தவக்களை சாடியருகே நின்றுவிட்டார்.

"சார், இது தவளைங்க. பல்லு இருக்குது."

தேர்வாளர் என்னைப் பார்த்தார். "உங்க டிபார்ட்மென்ட்ல ப்ரொபசர் யாரு சார்?"

மாணவர்கள் சிரித்தார்கள்.

"வாளிய வெச்சிட்டு வெளிய போ" என்றேன். அவர் என்னைவிட ஆறேழு வயது மூத்தவர்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு சாடியைத் திறந்து, அதன் மேல்தாடையில் விரலை வைத்துப் பார்த்தேன். அரம்.

அதுவரை செய்தது அறியாமை. அதற்குமேல் செய்ததற்கு அந்தச் சாக்கு இல்லை. விடையை நான் திருத்தவில்லை. அடுத்த மாதம் நிரந்தர வேலைக்கு முதல்வர் என் கருத்தைக் கேட்டபோது, 'அடக்கம் போதாது' என்று எழுதினேன். வேலை வேறொருவருக்குப் போயிற்று.

கடைசி நாள் தவக்களை சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வந்தார். வேலையைப் பற்றிப் பேசவில்லை.

"வெரல வெச்சுப் பாத்தீங்களா சார்?"

"நேரமில்ல" என்றேன்.

இப்போது எனக்கு நேரத்துக்குக் குறைவில்லை. மழை விட்டதும் நாலாபக்கமும் சத்தம் கிளம்புகிறது. எது தாவுவது, எது தத்துவது என்று பிரித்துச் சொல்ல அவர் பக்கத்தில் இருக்கக்கூடாதா என்று மனசு அடித்துக்கொள்கிறது. போன மழைக்குப் பொறுக்கமுடியாமல் பஸ் ஏறிக் கரியாலூர் போனேன். அது அவருடைய மாமனார் ஊர்.

டீக்கடைக்காரருக்கு அவரைத் தெரிந்திருந்தது. "காப்பி எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனவருங்க. அப்பறம் இந்தப் பக்கம் வர்ல. இன்னா விஷயமா வந்தீங்க?"

"ஒரு தவளைக்குப் பல் இருக்குன்னு சொன்னாரு. அவர் சொன்னதுதான் சரி. அதச் சொல்லத்தான் வந்தேன்."

டீ ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "இதுக்கா சார் இந்த வயசுல மல ஏறி வந்தீங்க?"

அவராக இருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். எந்தத் தவளை என்று கேட்டிருப்பார்.