கேஜ் அண்ணன் பிடித்த விளக்கு

ஓசூர் தொழிற்பேட்டையில் கேஜ் அண்ணன் 'ரிஜக்ட்' செய்யாத பொருளே கிடையாது. இன்ஸ்பெக்‌ஷன் வேலை அவருக்கு. மூக்கண்டப்பள்ளியில் அவரையும் சேர்த்து நாங்கள் நால்வர் தங்கியிருந்த அறைக்கு வந்த இட்லியைக்கூட வெர்னியர் வைத்து அளந்து, "ஒரு பக்கம் ரெண்டு மில்லி கம்மி" என்று கடைக்கே திருப்பி அனுப்பியவர். அளவு பார்க்கும் 'கேஜ்' கருவியே அவர் பெயராகிவிட்டது; சொந்தப் பெயர் என்னவோ, யாரும் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பேக்கிங் அட்டையில் கோடு போட்டு ஓர் ஆட்டம் கண்டுபிடித்தார். ஆடுகிற நால்வரும் ஒரே கட்சி. எதிரி, ஏரிக்குள்ளிருந்து கட்டம் கட்டமாக ஏறிவரும் 'அது'.

"அது எப்பிடிண்ணா இருக்கும்?" என்று அறைத்தோழன் பாஷா கேட்டான்.

"தெரிஞ்சா பயம் போயிரும். உனுக்கு வேணாம்."

அவரவர் முறையில் சுடலாம், அல்லது விளக்குப் பிடிக்கலாம். சுட்டால் 'அது' ஒரு கட்டம் பின்வாங்கி, அடுத்த சுற்றில் இரண்டு கட்டம் பாயும். நால்வரும் ஒரே சுற்றில் விளக்குப் பிடித்தால் நின்ற இடத்தில் நிற்கும். ஜெயிப்பதற்கு மனிதர் விதியே எழுதவில்லை.

எங்களுக்கோ சண்டை வேண்டும். தளியிலிருந்து வந்த முனிராஜ் வாயாலேயே டுமீல் டுமீலென்று சுடுவான். கேஜ் அண்ணன் மட்டும் வாராவாரம் விளக்கைப் பிடிப்பார். "நீ பயந்தாங்கொள்ளிண்ணா" என்பான் பாஷா. ஞாயிறுதோறும் சாப்பாட்டு நேரத்துக்குள் 'அது' எங்களைத் தின்று முடித்திருக்கும்.

ஒருநாள் பிரஸ் மெஷின் பாஷாவின் வலது கையில் நாலு விரலை எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் சுவரைப் பார்த்துப் படுத்தான். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. "இனி எதுக்குண்ணா நானு" என்ற ஒரே பேச்சு. தனியே விடப் பயந்து, ஷிப்டை மாற்றிக்கொண்டு மாறி மாறிக் காவல் இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை கேஜ் அண்ணன் அவன் தலைமாட்டில் அட்டையை விரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆளுக்கு நேரம் காலமே கிடையாதா?

"சுடறதுக்கு வெரலு இல்லண்ணா," என்றான் பாஷா, திரும்பாமலே.

"வெளக்குப் புடி. அதுக்கு எடது கை போதும்."

வெகுநேரம் கழித்து அவன் இடது கை நீண்டு, காயை விளக்குக் கட்டத்தில் வைத்தது. முனிராஜ் டுமீல் சொல்லாமல் தன் காயை அங்கேயே வைத்தான். நானும் வைத்தேன். 'அது' நின்றது. எட்டுச் சுற்று ஆடினோம், ஒரு கட்டம்கூட ஏறவில்லை. ஜெயிக்கவில்லைதான். ஆனால் முதல் தடவையாக யாரும் சாகவில்லை. பாஷா எழுந்து உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டான். அண்ணன் அவற்றை அளக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வருஷமாக, ஞாயிறு தவறாமல், அந்த மனிதர் ஒற்றை விளக்கைப் பிடித்தபடி எங்கள் மூவருக்காகக் காத்திருந்திருக்கிறார்.