சர்தார் பாஷாவுக்கு இருபத்திரண்டு விநாடி

ஆம்பூர்,
வியாழக்கிழமை

ஜோலார்பேட்டையில் ரயில்வே ஓய்வூதியத்துடன் சுகமாக இருக்கும் மைத்துனர் சீனிவாசன் அவர்களுக்கு, நவநீதன் வணக்கம். நானும் உங்கள் தங்கை அம்பிகாவும் நலம். அவளுக்கு முட்டி வலி, எனக்கு உங்கள் மேல் வருத்தம், மற்றபடி குறையில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி, வெச்சிடட்டுமா" என்பீர்கள். அதனால்தான் கடிதம்.

உங்கள் சிபாரிசில் கிடைத்த சூப்பர் மார்க்கெட் வேலையை நான் விடுகிறேன். முதலாளி உங்கள் தோஸ்த் என்பதால் நீங்களே அவரிடம் சொல்லிவிடவும். "எம்.ஏ. படிச்சவரு, நிழல்ல உக்காந்து பில்லு போட இன்னா கஷ்டம்?" என்று கிரகப்பிரவேசப் பந்தியில், எல்லோர் முன்னாலும் கேட்டீர்களே, அது மறக்கவில்லை. முதலில், உட்காருவது கிடையாது. சட்டப்படி நாற்காலி உண்டு, அதில் அட்டைப்பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன. எதிரே ஒரு திரை, ஒரு பொருளுக்கு மூன்று விநாடி, அதற்குள் 'பீப்' என்றால் பச்சை, தாண்டினால் சிவப்பு, மாதத்தில் மூன்று நாள் சிவப்பில் முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்கு இந்த மாதம் இரண்டு ஆகிவிட்டது. ஐம்பத்து நான்கு வயதுக்காரனுக்கு இந்த ஊரில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? ஷாம்பு பாக்கெட் நாற்பது வாங்கும் பெண்களைக் கண்டால் கும்பிடத் தோன்றுகிறது, ஒவ்வொன்றாகக் காட்டினால் நாற்பது பச்சை. பூசணிக்காய் வாங்குகிறவன் எடை போட வைப்பதால் என் பரம விரோதி. மேனேஜர் வசந்த் சொல்லும் உபதேசம் இது: "கஸ்டமர் மூஞ்சிய பார்க்காதீங்க சார். மூஞ்சில பார்கோடு இல்ல."

இதில் நான் நியாயம் பேச முடியாது என்பதுதான் வேதனை. ஷூ கம்பெனி மூடும் வரை இருபத்திரண்டு வருஷம் ஸ்டாப்வாட்ச்சோடு அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் நின்று வேலையை விநாடிக் கணக்கில் அளந்தவன் நான். தோல் வெட்டும் சர்தார் பாஷா, ஒவ்வொரு தோலையும் திருப்பி ஒரு முறை தடவிப் பார்ப்பார். "நான்கு விநாடி, வீண்" என்று எழுதினேன். அந்த மனிதர் அதற்கும் சிரித்தார். மூன்று தெரு தள்ளித்தான் வீடு. எனக்கு இந்த ஊரில் இருக்கும் ஒரே சிநேகிதர்.

செவ்வாய்க்கிழமை விடிகாலை அவர் மனைவி ஜஹீருன்னிசா காலமானார். மகன் ரிஹான் மஸ்கட்டில். சொந்தக்காரர்கள் வந்து சேருவதற்குள் வேண்டியதை வாங்க அவரே ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்திருக்கிறார். எனக்கு எதுவும் தெரியாது. பன்னீர், கற்பூரம், பஞ்சு, ஊதுபத்தி, சோப்பு என்று எட்டு உருப்படி என் முன்னால் வந்தன.

"நவநீதா..." என்றார்.

குரல் தெரிந்தது. தலை நிமிரவில்லை. "வணக்கம். பன்னீர் இன்னொண்ணு எடுத்தா ஒண்ணு ஃப்ரீ, எடுத்துட்டு வர்றீங்களா?" என்றேன். இப்படிச் சொல்லாவிட்டால் அதற்கும் தண்டனை உண்டு.

"வேணாம்பா. ஒருத்திக்குத்தானே."

"காசா, போனா?... நன்றி, மறுபடியும் வரணும்."

இருபத்திரண்டு விநாடி. எட்டும் பச்சை.

பதினொரு மணிக்குப் பக்கத்துக் கவுண்டர் தபஸ்ஸும்தான் கேட்டாள். "இன்னாண்ணே, பாய் வீட்டம்மா மவுத் ஆய்ட்டாங்க, நீங்க போவலியா? என் கவுண்டர் காலியா கெடந்துச்சு, கூப்பிட்டும் வரலயே. ஆறு பேருக்குப் பின்னாடி உங்க லைன்லதான் நின்னாரு." லீவு கேட்டு வசந்திடம் ஓடினேன். "இன்னிக்கு பச்சையில இருக்கீங்க சார், கெடுத்துக்காதீங்க" என்றான். சாயங்காலம் அடக்கம். நான் இரவு எட்டு மணி வரை நின்று பில் போட்டேன், மச்சான். அன்றைக்குக் கடையிலேயே வேகமான ஆள் என்று பலகையில் என் பெயரை எழுதினார்கள். இரண்டு நாளாக அவர் தெருப் பக்கம் போகாமல் ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு வருகிறேன். இனி அந்தத் திரைக்கு முன்னால் நிற்க மாட்டேன். இது முடிவு.

உங்கள் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் என் அன்பு. உங்களுக்கு வணக்கம் மட்டும்.

இப்படிக்கு,
நவநீதன்

பின்குறிப்பு: சனிக்கிழமை. கடிதம் இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது. நேற்றும் வேலைக்குப் போனேன், பாஷா கடைக்கு வந்தார். மற்ற கவுண்டர்களில் கூட்டம் குறைவு. ஒரே ஒரு தீப்பெட்டியோடு என் வரிசையில் நின்றார். "இன்னா பாய், நீங்க போய் இங்க..." என்று உளறினேன். "நீதானப்பா மறுபடியும் வரணும்னே" என்றார். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். மனைவி கடைசியாக டீ கேட்டதையும், சர்க்கரை கம்மி என்று திட்டியதையும், இவர் மறுபடி போட்டுக் கொண்டுவருவதற்குள் போய்விட்டதையும் சொன்னார். ஒரு தீப்பெட்டி, ஒன்பது நிமிடம். பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள், வசந்த் ஓடி வந்தான், திரை ரத்தமாகச் சிவந்தது. மூன்றாவது நாளும் ஆகிவிட்டது. ஆகவே மச்சான், மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு (பந்தியில் நடந்ததை நானும் மறந்துவிடுகிறேன்) உங்கள் தோஸ்த்திடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள். திங்கட்கிழமை வர்றேன் என்று பாஷா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் அங்கே இருக்க வேண்டும்.